ஒரே தேதி, வேறு வேறு நாள்



இன்று ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். காலை ஆறரைக்கே நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாழ்த்து வந்து விழுந்தது. "ஷேக்ஸ்பியரும் செர்வான்டெசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள். நம்ம சார் வகுப்பில் சொன்னது" என்று என்னையும் சேர்த்துப் போட்டிருந்தது. எட்டு மணிக்குள் முப்பது பேர் கைகூப்பி, பூங்கொத்து வைத்துவிட்டார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு இட்லி இறங்கவில்லை. நான் சொன்னது தப்பு. தப்பு என்று தெரிந்தே ரொம்ப வருஷமாகிறது. தெரிந்தும் திருத்தாமலே ஓய்வு பெற்று, சால்வையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பு எப்போது நேரத்துக்கு முடிந்திருக்கிறது?

1991 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் சப்பென்று போனால் நடுவில் ஒரு கதை சொல்வது என் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். முந்தைய வாரம் சொன்ன கதை, காணாமல் போன பத்து நாள். ரோமானியர் காலத்து ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டுக்குப் பதினொரு நிமிஷம் போலக் கணக்கு உதைத்தது. பதினொரு நிமிஷம்தானே என்று விட்டுவிட்டால், ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்து பத்து நாளாகிவிட்டது. ஈஸ்டர் பண்டிகை பருவத்தை விட்டு நகர ஆரம்பித்தது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இல் கத்தரியை எடுத்தார். அந்த வருஷம் அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனால் தேதி அக்டோபர் 15. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலியின் பெரும்பகுதி, போலந்து எல்லாம் உடனே மாறிவிட்டன. போப்போடு முறைத்துக்கொண்டிருந்த இங்கிலாந்து மட்டும் 1752 வரை பழைய கணக்கையே பிடித்துக்கொண்டு நின்றது. இதைப் பையன்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் ஷேக்ஸ்பியர் வந்தார். "இங்கிலாந்தின் பெரிய எழுத்தாளரும் ஸ்பெயினின் பெரிய எழுத்தாளரும் ஒரே நாளில் கண்ணை மூடினார்கள், பார்த்தீர்களா விதியை!" என்று முழங்கினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான்.

"சார், ஸ்பெயின் அப்பவே மாறிடுச்சுன்னு சொன்னீங்க. இங்கிலாந்து மாறலைன்னும் சொன்னீங்க. அப்ப தேதி ஒண்ணா இருந்தா நாள் எப்படி சார் ஒண்ணா இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியே சரியாகப் புரியவில்லை என்பதுதான் உண்மை. "புஸ்தகத்துல போட்டிருக்குடா. உட்காரு" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டான்.

அவன் கேட்டதற்குப் பதிலை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். 1616 ஏப்ரல் 23 மாட்ரிட்டில் சனிக்கிழமை. அதே தேதி ஷேக்ஸ்பியரின் ஸ்ட்ராட்போர்டில் செவ்வாய்க்கிழமை. நாட்காட்டியை எத்தனை பேர் மாற்றினாலும் கிழமை மாறாது. போப்பே அதில் கை வைக்கவில்லை, வியாழனுக்குப் பிறகு வெள்ளிதான் வந்தது. ஆக, இங்கிலாந்து ஏப்ரல் 23 என்று சொன்ன அந்தச் செவ்வாய், ஸ்பெயின் கணக்கில் மே 3. இன்னொரு சிக்கலும் உண்டு. செர்வான்டெஸ் இறந்தது ஏப்ரல் 22 வெள்ளிக்கிழமை என்றுதான் இப்போது ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 23 அடக்கம் செய்த நாள், தேவாலயப் பதிவேட்டில் ஏறிய தேதி. கூட்டிப் பார்த்தால் ஷேக்ஸ்பியர் அவருக்குப் பிறகு பதினொரு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையன் விரல் விட்டு எண்ணிய கணக்கு அது.

இந்தக் கணக்கில் அகப்பட்ட இன்னோர் எழுத்தாளர் அவிலாவின் புனித தெரேசா. 1582 அக்டோபர் 4 இரவு காலமானார். மறுநாள் அடக்கம். அந்த மறுநாள்தான் அக்டோபர் 15! கத்தோலிக்கர்கள் இன்றும் அவர் திருநாளை அக்டோபர் 15 அன்றுதான் கொண்டாடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நினைவு நாள் இது. யாரும் பிழை செய்யவில்லை, ஆனாலும் கேட்டவுடன் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெள்ளைக்காரன் வீட்டுக் குழப்பம் நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் கடற்கரையிலும் இது நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் புதிய கணக்கு, சென்னையில் ஆங்கிலேயர்கள் பழைய கணக்கு. 1746இல் லா பூர்தொனே வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தாரே, அந்தச் சரணாகதி ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. நூறு மைல் தூரத்துக்குள் பதினொரு நாள் வித்தியாசம் (1700க்குப் பிறகு வித்தியாசம் பத்திலிருந்து பதினொன்றாகிவிட்டது). அந்தக் காலத்தில் புதுச்சேரியில் உட்கார்ந்து தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியோடு நம் வருஷம், மாதம், தேதி எல்லாம் போட்டு எழுதுவார். இரண்டு வெள்ளைக்காரர்களும் எப்படியோ சண்டை போட்டுக்கொள்ளட்டும், அவருக்கு அது அட்சய வருஷம் புரட்டாசி மாதம். கெட்டிக்காரர்.

நம் வீட்டிலும் இதே கதைதானே. அப்பா காலமானது எந்தத் தேதி என்று என் தம்பியைக் கேட்டால் ஒரு பதில், அத்தையைக் கேட்டால் ஒரு பதில். திதி மட்டும் எல்லோருக்கும் தெரியும். பாரதியார் விஷயமும் அப்படித்தான். 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகு உயிர் பிரிந்தது. கடிகாரக் கணக்கில் அது 12. மாநகராட்சிச் சான்றிதழிலும் 12தான். பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று நினைக்கிற நமக்கு அது 11ஆம் தேதி ராத்திரி. அரசு 2021இல் 'மகாகவி நாள்' என்று அறிவித்ததும் செப்டம்பர் 11ஐத்தான். இந்த விஷயத்தில் சண்டை போடுகிறவர்களோடு நான் சேர்வதில்லை. இரண்டு நாளும் அவரைப் படித்தால் போயிற்று.

நிற்க. தேதியை மட்டும் திருத்திவிட்டுப் போனால் நான் பரீட்சைத் தாள் திருத்துகிறவனாகவே இருந்துவிடுவேன். அந்த ஏப்ரலில் நிஜமாக என்ன நடந்தது என்பதை அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, எனக்கே தெரியாது. 'ஒரே நாள்' என்ற ஜிகினா போதும் என்று இருந்துவிட்டேன்.

செர்வான்டெசை எடுத்துக்கொள்ளுங்கள். 1571இல் லெபாந்தோ கடற்போரில் மார்பிலும் இடது கையிலும் குண்டு. கை அதோடு செயலற்றுப் போனது. 1575இல் ஊர் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் பிடித்து அல்ஜியர்சில் அடிமையாக வைத்தார்கள். ஐந்து வருஷம். நாலு தடவை தப்பிக்கப் பார்த்து நாலு தடவையும் பிடிபட்டார். 1580இல் டிரினிடேரியன் சபைத் துறவிகள் 500 பொற்காசு கட்டி மீட்டார்கள். வந்து வரி வசூல் வேலை, கணக்குத் தகராறு, சிறை. டான் குவிக்ஸோட்டின் முதல் பாகம் 1605இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 57. ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்று எனக்குப் போன் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க. இரண்டாம் பாகத்துக்கு அவர் தாமதிக்க, 1614இல் வேறொருவர் புனைபெயரில் ஒரு போலி இரண்டாம் பாகத்தையே அச்சடித்து விட்டுவிட்டார். மனுஷன் ரோஷத்தோடு தன் இரண்டாம் பாகத்தை 1615இல் முடித்தார். அதற்குள்ளேயே போலிப் புத்தகத்தைக் கிண்டலும் செய்துவிட்டார்.

1616 ஏப்ரல் 18 அன்று அவருக்கு இறுதிப் பூசுதல் சடங்கு செய்துவிட்டார்கள். நம் ஊரில் பால் ஊற்றுகிற கட்டம். மறுநாள் 19ஆம் தேதி, கடைசி நாவலுக்குச் சமர்ப்பண உரை எழுதுகிறார். நேற்றுத்தான் எனக்குச் சடங்கு முடிந்தது என்பதையும் அதில் எழுதுகிறார். தன்னை ஆதரித்த லெமோஸ் பிரபுவுக்கு நன்றி சொல்லாமல் போகக்கூடாது என்ற தவிப்பு. பிழைத்தால் இன்னும் என்னென்ன எழுதப்போகிறேன் என்று ஒரு பட்டியல் வேறு! மூன்று நாளில் போய்விட்டார். தன்னை மீட்ட அதே சபையின் கன்னியர் மடத்தில் அடக்கம். நாவலை மனைவி கதாலினா 1617இல் வெளிக்கொண்டுவந்தார். எலும்புகள் எங்கே என்று தெரியாமல் கிடந்து, 2015இல் தோண்டி, அவருடையதும் கலந்திருக்கலாம் என்று சில எலும்புகளை எடுத்துக் கல்வெட்டு வைத்தார்கள். அந்தக் கல்வெட்டில் அந்தக் கடைசி நாவலின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. எழுத்தாளர் கல்லறையிலேயே எழுத்துப் பிழை என்றால் என் சிவப்பு மைப் பேனாவை எங்கே கொண்டு வைப்பது?

ஷேக்ஸ்பியருக்கு இவ்வளவு அமளி இல்லை. சொந்த ஊர், பெரிய வீடு, மார்ச்சில் எழுதிய உயில், ஏப்ரல் 25 அடக்கம். ஆனால் அவர் போனபோது அவருடைய நாடகங்களில் பாதி அச்சேறவே இல்லை. உயிலில் தன்னோடு நடித்த மூன்று பேருக்கு நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வைத்திருந்தார். அந்த மூவரில் ஹெமிங்ஸ், காண்டெல் என்ற இருவர், ஏழு வருஷம் கழித்து 1623இல் 36 நாடகங்களைத் திரட்டிப் பெரிய தொகுப்பாகப் போட்டார்கள். அதில் 18 நாடகங்கள் அதற்கு முன் அச்சில் வராதவை. மேக்பெத், ஜூலியஸ் சீசர், பன்னிரண்டாம் இரவு எல்லாம் அந்த 18இல் அடங்கும். நீங்கள் ஆண்டு விழாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடித்த சீசர், இந்த இரண்டு நடிகர்கள் பட்ட சிரமத்தால் நம் கைக்கு வந்தது.

அந்தத் தொகுப்பில் சேராமல் போன ஒன்று கார்தெனியோ. டான் குவிக்ஸோட்டில் வருகிற ஒரு பாத்திரத்தின் பெயர் அது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1612இல் வந்தது. 1613இல் ஷேக்ஸ்பியரின் குழுவினர் கார்தெனியோ என்ற நாடகத்தை அரசவையில் நடத்தினார்கள். ஃபிளெட்சரும் ஷேக்ஸ்பியரும் எழுதியது என்று 1653இல் ஒரு பதிவு இருக்கிறது. நாடகம் இல்லை, தொலைந்துவிட்டது. இரண்டு பேரையும் சேர்த்துப் பேச வேண்டுமானால் நான் இதைச் சொல்லியிருக்கலாம். இறந்த தேதியில் இல்லாத சந்திப்பு இந்த நாடகத்தில் இருந்தது.

இனி மூன்றாவது ஆள். 1995இல் யுனெஸ்கோ ஏப்ரல் 23ஐப் புத்தக நாளாக அறிவித்தபோது மூன்று பெயரைச் சொன்னது. (ஸ்பெயினில் புத்தக நாள் 1926இலேயே உண்டு. முதலில் அக்டோபரில் கொண்டாடி, 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள்.) மூன்றாவது பெயர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா. நான் வகுப்பில் ஒரு தடவைகூட உச்சரிக்காத பெயர். அவரும் 1616 ஏப்ரலில்தான், ஸ்பெயினின் கோர்டோபா நகரில் இறந்தார். 22, 23, 24 என்று மூன்று தேதி சொல்கிறார்கள், அதை விடுங்கள்.

1539இல் பெரு நாட்டின் குஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஸ்பானியப் படைத் தலைவர். அம்மா இன்கா அரச குலத்துப் பெண். தாய்மொழி கெச்சுவா. நாடு பிடிபட்டு ஏழெட்டு வருஷமே ஆகியிருந்தது. அம்மாவின் வீட்டுக்கு மிச்சமிருந்த உறவினர்கள் வந்து உட்கார்ந்து, ஆண்ட காலத்தைப் பேசிப் பேசி அழுவார்கள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா இறந்தபின், இருபது வயதில், 1560இல் ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார். திரும்பவே இல்லை.

போனது, அப்பாவின் படைச் சேவைக்கு அரசிடம் மானியம் கேட்க. விசாரித்த சபையில் ஒரு உறுப்பினர் மறித்தார். 1547இல் வாரினா என்ற இடத்தில் நடந்த போரில், அரசருக்கு எதிராகக் கிளம்பிய கொன்சாலோ பிசாரோவுக்கு உங்கள் அப்பா தன் குதிரையைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றினாரே என்றார். நடந்தது வேறு என்று பையன் விளக்கப் பார்த்தான். வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், நீ அதை இல்லை என்கிறாயா என்ற பாணியில் வாயை அடைத்துவிட்டார்கள். மானியம் இல்லை.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். "புஸ்தகத்துல போட்டிருக்குடா. உட்காரு."

அவர் உட்காரவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தார், பிறகு சித்தப்பா ஆதரவில் சின்ன ஊரில் இருந்தார், படித்தார். 1605இல் முதல் வரலாற்று நூல், டான் குவிக்ஸோட் வந்த அதே வருஷம். 1609இல் லிஸ்பனில் இன்காக்களைப் பற்றிய பெரிய நூலின் முதல் பகுதி. அப்போது அவருக்கு 70 வயது. ஸ்பானிய ஆசிரியர்கள் கெச்சுவா சொற்களைத் தப்பாகக் கேட்டுத் தப்பாக எழுதியதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். 'வாகா' என்ற சொல்லை மேலண்ணத்தில் உச்சரித்தால் தெய்வப் பொருள், தொண்டையிலிருந்து உச்சரித்தால் அழுவது என்கிறார். அரம் வேறு அறம் வேறு என்று உங்கள் தமிழம்மா காதைத் திருகினார்களே, அந்த மாதிரி. 'பெரு' என்ற நாட்டுப் பெயரே, ஊர் எது என்று ஸ்பானியர் சைகையில் கேட்க, பயந்துபோன ஒரு மீனவன் தன் பெயரைச் சொன்னதில் வந்த குழப்பம் என்பது அவர் தரும் விளக்கம். கலப்புப் பிறவி என்று ஏசுவதற்குப் பயன்பட்ட சொல்லைத் தானே பெருமையோடு எடுத்துப் போட்டுக்கொண்டார். நூலின் முகப்பில் பெயருக்குப் பக்கத்தில் 'இன்கா' என்று அச்சடித்தார்.

இரண்டாம் பகுதியில் குதிரை விஷயத்தில் அப்பாவின் தரப்பை விரிவாக எழுதினார். அது 1617இல் வந்தது. அவர் பார்க்கவில்லை.

அந்த எழுத்துக்கு இருந்த பலம் பிறகு தெரிந்தது. 1780இல் பெருவில் இரண்டாம் துபாக் அமாரு பெரும் கிளர்ச்சி செய்தார். அடுத்த வருஷம் குஸ்கோவில் அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். அதோடு விடாமல், செத்து 160 வருஷமான கார்சிலாசோவின் புத்தகங்களையும் திரட்டிப் பறிமுதல் செய்ய ஸ்பெயின் அரசு உத்தரவு போட்டது. தாத்தாக்கள் ஆண்ட கதையைப் பேரன்கள் படித்துவிடுவார்களே! 1978இல் ஸ்பெயின் மன்னர் குவான் கார்லோஸ் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியைக் குஸ்கோவுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தார். புறப்பட்டு 418 வருஷம் கழித்து ஊர் திரும்பினார்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு பேர் ஒரே நாளில் செத்தார்கள் என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். 1752இல் லண்டனில் ஜனங்கள் 'எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு' என்று கலவரம் செய்தார்கள் என்றும் சொல்லியிருப்பேன். அதற்கும் ஆதாரம் இல்லை, ஹோகார்த் வரைந்த ஒரு ஓவியத்திலிருந்து கிளம்பிய கதை. அதையும் அடித்துவிடுங்கள்.

ஆசிரியராக இருக்கிற என் மாணவர்கள் இருபது பேருக்கு மேல் உண்டு. இன்றைய அசெம்பிளியில் 'ஒரே நாள்' என்று யாராவது மைக்கில் சொல்லியிருந்தால் நாளைக்கே திருத்திச் சொல்லிவிடுங்கள். என்னை மாதிரித் தள்ளிப் போடாதீர்கள். என் பெயரையே சொல்லலாம்.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்புக்கு வேறு ஊருக்குப் போய்விட்டான். பெயரை இங்கே போடவில்லை, அந்தச் செட்டில் படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். சைக்கிளில் மணி கிடையாது, வாயாலேயே மணி அடித்துக்கொண்டு வருவானே, அவன்தான். தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். இன்று ஐம்பது வயதை ஒட்டிய பெரிய மனிதராக இருப்பார், 'அவன்' என்றதற்கு மன்னிக்கவும்.

தம்பி, நீங்கள் கேட்டது சரி. ஒன்று சனிக்கிழமை, மற்றொன்று செவ்வாய்க்கிழமை. நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், போன் நம்பரும் மாறவில்லை. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.